எலிக்கு ஆச்சு, மாமாவுக்கு?

"ஏ மாப்ளே, எலிக்குக் கேன்சர் குணமாயிட்டாம்லா! எனக்கு மட்டும் எதுக்குடே கரண்ட்டு?"

ராயகிரி டீக்கடை பெஞ்சில் மாமா இப்படிக் கேட்டதும் எனக்கு வடை விக்கியது. முப்பது வருஷம் புகையிலை அதக்கிய வாய். கன்னத்துக்குள் புற்று. 'ஆபரேஷன், அப்புறம் கரண்ட்' என்று டாக்டர் சொல்லி மூன்று வாரம் ஆச்சு. மாமாவோ செல்போனில் வந்த சேதியை நம்பி உட்கார்ந்திருக்கிறார்.

நான் பி.காம். எனக்குத் தெரிந்த 'செல்'லெல்லாம் செல்லும் செக், செல்லாத செக்தான். இருந்தாலும் தேடிப் படித்தேன்.

சேதி முழுப் பொய்யில்லை. நம் உடம்பில் மேக்ரோபேஜ் என்று ஒரு செல் உண்டு. பெருவிழுங்கி எனலாம். கிருமியோ, செத்த செல்லோ, கிடைத்தால் லபக்! 1882-ல் மெட்ச்னிகாஃப் என்ற ரஷ்யர், கண்ணாடி போன்ற நட்சத்திர மீன் குஞ்சின் உடம்பில் ரோஜா முள்ளைச் செருகினார். மறுநாள் பார்த்தால் முள்ளைச் சுற்றி செல்கள் முற்றுகை! 1908-ல் நோபல் பரிசு வந்தது.

2014-ல் ஆம்ஸ்டர்டாம் விஞ்ஞானிகள் உயிருள்ள எலியின் ஈரலையே மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். புற்றுசெல் மேல் ஆன்டிபாடி ஒட்டியதும், ஈரல் பெருவிழுங்கிகள் அதைப் பிடித்து விழுங்கின.

பின்னே ஏன் எல்லாப் புற்றையும் விழுங்கவில்லை? பஸ்ஸில் சிலர் 'ஸ்டாஃப்' என்று சொல்லி டிக்கெட்டுக்குத் தப்புவார்களே, அதே தந்திரம். நல்ல செல்கள் சி.டி.47 என்ற புரோட்டீனைக் காட்டும். 'நான் நம்மாளு, தின்னாதே' என்று அர்த்தம். புற்றுசெல் அதையே கூடுதலாகக் காட்டி ஏமாற்றுகிறது. 2009-ல் ஸ்டான்ஃபோர்டில் ஜெய்ஸ்வால், மஜேட்டி உள்ளிட்டவர்கள் ரத்தப் புற்றில் இதைக் கண்டுபிடித்தார்கள். அந்த பாஸை மறைத்ததும், எலிக்குள் ஏற்றிய மனிதப் புற்றுசெல்களைப் பெருவிழுங்கிகள் தின்றன!

"அப்புறமென்ன?" என்றார் மாமா.

அப்புறம்தான் சிக்கல். அதே பாஸ் ரத்தச் சிவப்பணுவிடமும் உண்டு. மருந்து கொடுத்தால் அதற்கும் ஆபத்து, ரத்தசோகை. மேக்ரோலிமாப் என்ற மருந்தை ரத்தப் புற்று நோயாளிகளிடம் சோதித்தார்கள். பலன் கூடவில்லை, மரண அபாயம்தான் கூடியது. 2024-ல் அந்தச் சோதனையை நிறுத்திவிட்டார்கள்.

"அப்போ எலி பொய்யா?"

"எலி நிஜம் மாமா. ஆனா நீங்க எலி இல்லையே! கைக்கு வராத பணத்தை வரவுல எழுதினா கணக்கு உதைக்கும். வராத மருந்தை நம்பி, இருக்கிற வைத்தியத்தைத் தள்ளிப் போட்டா உசிரு உதைக்கும்."

மாமா கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்தார். பிறகு, "தென்காசிக்கு முதல் பஸ் எத்தனை மணிக்குடே?" என்றார்.

டிக்கெட் நான்தான் எடுத்தேன்.