நிகழாமல் போன 14 லட்சம்

ஒரு நாட்டு மக்களை நோய் இன்னும் தொற்றாதவர், நோயுற்றுப் பிறருக்குப் பரப்புபவர், குணமடைந்தோ இறந்தோ பரவலிலிருந்து விலகியவர் என மூன்றாகப் பிரித்து, நாள்தோறும் எத்தனை பேர் ஒரு பிரிவிலிருந்து அடுத்த பிரிவுக்கு நகர்கிறார்கள் என்பதைச் சமன்பாடுகளால் கணிப்பதே தொற்றுநோய்க்கான கணித மாதிரிகளில் அடிப்படையானதாகும். இதை 1927-இல் வகுத்த இருவரில் மெக்கென்ட்ரிக், கசௌலியிலிருந்த பாஸ்டர் நிறுவனத்திற்குத் தலைமை வகித்த மருத்துவர். கெர்மாக், ஆய்வக விபத்தில் பார்வையிழந்த பின்னும் எடின்பரோவில் ஆய்வைத் தொடர்ந்த வேதியியலாளர். தங்கள் சமன்பாட்டை அவர்கள் பொருத்திப் பார்த்தது 1905-06-இல் பம்பாயில் பிளேக்கால் நேர்ந்த சாவுகளின் கணக்கோடு. பிளேக் வைரஸ் நோயன்று என்றாலும், வைரஸ் நோய்களுக்கும் பின்னாளில் அம்முறையே கைகொடுத்தது.

இக்கணக்கின் மையம் ‘அடிப்படைப் பெருக்க எண்’, அதாவது எவருக்கும் எதிர்ப்பாற்றல் இல்லாத மக்களிடையே ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்கு நோயைக் கடத்துவார் என்ற அளவு. தட்டம்மைக்கு இது 12 முதல் 18 வரை எனப்படுகிறது. 15 என்று கொண்டால், அந்தப் பதினைவரில் 14 பேர் முன்பே தடுப்பூசியால் காக்கப்பட்டிருக்கும்போது ஒரு நோயாளியால் இன்னொருவர் மட்டுமே நோயுறுவார். அதற்கும் மேலானோர் காக்கப்பட்டால் நோய் தேயத் தொடங்கும். தட்டம்மைத் தடுப்பூசி ஏறத்தாழ 95 விழுக்காட்டினரை எட்ட வேண்டும் என்று மருத்துவத் துறை வலியுறுத்துவது இக்கணக்கினால்தான்.

தடுப்பூசி இல்லாத நோயிலும் ஒரு நோயாளியால் நோயுறுவோரின் சராசரியை ஒன்றுக்குக் கீழே இறக்க முடியுமா என்ற கேள்வி, 2014-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது கடுமையாக எழுந்தது. நோயாளியின் உடல்நீர்களைத் தொடுவதால் பரவும் அந்நோய், வீட்டில் பேணுவோரையும் மருத்துவப் பணியாளரையும் மட்டுமன்றி, இறந்தவரின் உடலைக் கழுவி அடக்கம் செய்யும் உறவினரையும் பற்றியது. எந்தத் தலையீடும் கூடுதலாக நிகழாவிட்டால் லைபீரியாவிலும் சியரா லியோனிலும் 2015 ஜனவரிக்குள் நோயுற்றோர் 14 லட்சம் வரை ஆகலாம் என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் அந்தச் செப்டம்பரில் கணித்தது. நோயாளிகளில் 70 விழுக்காட்டினர் சிகிச்சை மையங்களிலோ, பாதுகாப்பான அடக்கம் உட்படப் பரவலைக் குறைக்கும் ஏற்பாடுள்ள இடங்களிலோ பேணப்பட்டால் நோய் ஒடுங்கும் என்பதையும் அதே கணித மாதிரி காட்டியது. செய்தித்தாள்கள் முதல் எண்ணையே பெரிதாக்கின. ‘தலையீடு இல்லாவிட்டால்’ என்ற நிபந்தனை பலர் காதில் ஏறவில்லை.

கொள்ளைநோய் ஓய்ந்தபோது, கினியையும் சேர்த்து மூன்று நாடுகளிலும் பதிவான நோயாளிகள் 28,600-க்குச் சற்று மேல். இறந்தோர் 11,300-க்கு மேல். இதைக் கொண்டு கணிதம் பொய்த்தது என்பது அவசர முடிவு, ஏனெனில் நிபந்தனையுடன் கூறப்பட்ட கணிப்பு, நிபந்தனை மாறியபின் பலிக்க வேண்டியதில்லை. ஆயினும் இறக்கம் முழுவதையும் வெளிநாட்டு உதவியின் கணக்கில் எழுதுவதும் தவறு. அமெரிக்கப் படையினர் லைபீரியாவில் கட்டிமுடித்த சிகிச்சைக் கூடங்களில் பெரும்பாலானவை ஒரு எபோலா நோயாளியையும் காணவில்லை. அவை திறக்கும் முன்பே ஊர்மக்கள் தொடுவதைத் தவிர்த்தும் அடக்க முறையை மாற்றியும் பரவலைக் குறைத்திருந்தனர். அச்சம் மக்களை எவ்வளவு விரைவாக மாற்றும் என்பதை அந்தக் கணித மாதிரி கணக்கில் கொள்ளவில்லை. அதன் பெருங்குறை அதுவே.