வைகைச் சீமையின் இசைத்தட்டு

திருவிழாக் காலங்களில் குழாய் ஒலிபெருக்கி வழியே ஊரெல்லாம் பாடிய கறுப்பு இசைத்தட்டுகளை நினைவில் வைத்திருப்போர் மதுரையின் கோச்சடையில் இன்றும் உண்டு.

அக்காலத்து மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த பண்ணைப்புரத்தில் பிறந்து, 1976-இல் 'அன்னக்கிளி' மூலம் திரையுலகில் பிரவேசித்த இளையராஜாவின் 1977 முதல் 1983 வரையிலான பாடல்கள் சிலவற்றைத் திரட்டி, இத்தாலியப் பழம்படங்களின் இசையையும் சிரத்தையோடு மறுபதிப்புச் செய்துவரும் இங்கிலாந்தின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் நிறுவனம் 'சொல்லச் சொல்ல' என்ற பெயரில் இசைத்தட்டாக வெளியிட்டபோது, நம் வைகைச் சீமையின் சங்கீதம் கடல்கடந்த ரசிகர்களின் அலமாரியில் ரோமாபுரி இசைக்கு அருகிலேயே ஆசனம் பெற்றது. எத்துணை பெருமை!

இத்தகைய பாடல்களைத் தேடிப் பழைய தட்டு வாங்குவோர் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பது அவசியம். ஒரு பக்கத்தில் நூற்றுக்கணக்கான வளையங்களாகத் தோன்றுவது, விளிம்பிலிருந்து மையம் நோக்கிச் சுருளும் ஒரே நீண்ட பள்ளமே ஆதலால், குறுக்கே விழுந்த மயிரிழைக் கீறலும், நிமிஷத்துக்கு 33⅓ முறை சுழலும் தட்டில், சுற்றுக்கொரு தரம் 'டிக்'கென்று ஒலிக்கும்.

மதுரையின் சித்திரை வெயிலில், ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்த தட்டுகள் வளைந்துவிடும். நிழலான இடத்தில், புத்தகங்களைப்போல் நிமிர்த்தி வையுங்கள்.