ஸ்நான அறையில் கீசர் மாட்டுமுன்

மின்நிலையங்களுக்கு வேண்டிய பெருங்கொதிகலன்களைச் செய்வதற்கென்றே 1965-இல் திருவெறும்பூரில் பெல் தொழிற்சாலை எழுந்த காலம் முதல், கொதிகலன் திருச்சி மக்களுக்குப் பரிச்சயமான பொருள். அவ்வகைக் கலன்களைக் கண்காணிக்க இந்நாட்டில் 1923 முதலே சட்டம் உண்டு. எனினும் 25 லிட்டருக்குக் குறைந்தவை அதன் வரம்புக்குப் புறம்பானவை. ஆகவே வீட்டில் மாட்டும் கீசருக்கு வீட்டுக்காரரே பரிசோதகராக வேண்டியிருக்கிறது.

ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதி, உத்திர வீதி இல்லங்களில், மார்கழி விடியலில் பெருமாளைச் சேவிக்கப் புறப்படுமுன் ஸ்நானத்துக்கு வெந்நீர் தந்த தாமிர பாய்லர், கிணற்றடியிலோ முற்றத்திலோ நின்றமையால், அதன் கரிப்புகை ஆகாயத்தோடு போயிற்று. இன்றோ அதே நெருப்பை, எரிவாயு கீசர் என்ற பெயரில், ஆறடிக்கு நாலடி அறைக்குள், குளிருக்கு அஞ்சிச் சன்னலையும் சாத்திக்கொண்டு மூட்டுகிறோம்.

பிராணவாயு குறையக் குறைய, எரிவாயு முற்றாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு பிறக்கிறது. நிறமும் மணமும் அற்ற இவ்விஷவாயு, ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினைப் பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பற்றிக்கொள்வதால், தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் என்று தொடங்கி, உள்ளே தாழிட்டுக் குளிப்பவர் தாழ்ப்பாளை எட்டுமுன்பே ஸ்மரணை இழக்க நேரிடும். கசிவை உணர்த்தச் சிலிண்டர் வாயுவில் சேர்த்திருக்கும் வாடையும் இங்கே துணைவராது. அது எரிந்தே போய்விடுகிறது. சுவாலை நீலமாக நில்லாமல் மஞ்சளாக நெளிந்தால், உடனே அணைத்துவிட வேண்டும். எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்று சமாதானம் கொள்வதும் தகாது. வெளியேறும் காற்றுக்கு ஈடாக உள்ளே வரவும் வழி வேண்டுமல்லவா? கீசரை வெளியே காற்றோட்டமான இடத்தில் மாட்டி, வெந்நீரை மட்டும் குழாய் வழியே உள்ளே கொணர்வதே உசிதம்.

மின்சார கீசரில் புகை இல்லை; அதன் அபாயம் வேறு. 15 லிட்டர் நீர் 25 டிகிரியிலிருந்து 75 டிகிரிக்குச் சூடாகையில் ஏறத்தாழ மூன்றிலொரு லிட்டர் விரிவதால், அதற்கு வழிவிடவே சேஃப்டி வால்வு இருக்கிறது. நீர் சொட்டுகிறதென்று அதை அடைத்துவிடும்படி பிளம்பரிடம் சொல்லாதீர்கள். 2,000 வாட் கீசர் 9 ஆம்பியர் அளவு மின்சாரம் இழுக்கும். 16 ஆம்பியர் பிளக், தனி வயர், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஆகியவை அவசியம். பழைய வீடுகளில் மூன்று துளை பிளக் இருந்தும் பின்னால் எர்த் வயர் இராமற்போவதுண்டு.

மார்கழி பிறக்குமுன் எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதித்துவிடுங்கள். எரிவாயு கீசர் ஸ்நான அறைக்குள் இருக்குமானால், அதை வெளியே மாற்றும்வரை பற்றவைக்காதீர்கள்.