மொட்டை மாடியில் சொட்டும் வெந்நீர்

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். சித்திரை, வைகாசியிலும் விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளிக்க நம்மில் பலருக்கு மனம் வருவதில்லை. ஆண்டு முழுவதும் வெந்நீர் தேவை, வெயிலும் உண்டு. ஆகவேதான் சூரிய வெந்நீர்ச் சாதனம் இந்த ஊரில் மற்ற ஊர்களைவிட அதிகமாக வேரூன்றியது. 2007-ல் கர்நாடக அரசு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களில் இதைக் கட்டாயமாக்கியது. இன்று அல்சூர் ஏரிக்கரையை ஒட்டிய எந்தத் தெருவில் மாடியேறிப் பார்த்தாலும், தெற்கு நோக்கிச் சாய்ந்த கண்ணாடிகளும் அவற்றின் தலைமாட்டில் உருளைத் தொட்டிகளும் வரிசையாகத் தெரியும்.

வாங்கியபோது காட்டிய அக்கறையைப் பிறகு யாரும் காட்டுவதில்லை. வெந்நீர் வரும்வரை அது மாடியில் இருப்பதே நினைவுக்கு வராது. ஒரு நாள் தளத்தில் ஈரம் தெரியும். கீழ்வீட்டுக்காரர் கூரையில் கறை படிந்திருப்பதாகச் சொல்லுவார். அப்போது என்ன செய்வது என்பதை இல்லத்தரசிகளும் புரிந்துகொள்ளும்படி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிறு துளிதானே?

நொடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகினால் ஒரு நாளைக்கு 86,400 சொட்டுகள். 20 சொட்டுக்கு ஒரு மில்லிலிட்டர் என்று கொண்டால் தினமும் சுமார் நாலேகால் லிட்டர், மாதத்துக்கு 130 லிட்டர். சொட்டு நூலாகி, 5 நிமிடத்தில் ஒரு லிட்டர் பாத்திரம் நிறைகிறது என்றால் ஒரு நாளைக்கு 288 லிட்டர். நம் குழாயில் வரும் காவிரி நீர் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேட்டுக்கு ஏற்றிக் கொண்டுவரப்படுவது. 2024 மார்ச்சில் ஆழ்குழாய்க் கிணறுகள் வறண்டபோது, குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது பலருக்கும் நினைவிருக்கும்.

நட்டம் தண்ணீரோடு நிற்பதில்லை. 100 லிட்டர் தண்ணீரை 22 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க ஏறக்குறைய 4.4 யூனிட் மின்சாரம் வேண்டும். சோலார் பழுதாகி, தினமும் அந்த 100 லிட்டரை கீசரில் காய்ச்சினால் மாதம் 130 யூனிட் கூடுகிறது. 2023-ல் தொடங்கிய கிருஹ ஜோதி திட்டத்தில் 200 யூனிட்டைத் தாண்டினால் முழுத் தொகையையும் கட்ட வேண்டும். இதுவரை கட்டணமே இல்லாதிருந்த வீடு ஒரு கசிவினால் அந்த வரம்பைத் தாண்டிவிடலாம். தளத்தில் ஊறும் நீர் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைத்து, காரையைப் பெயர்க்கும் என்பது இன்னொரு செலவு.

சாதனம் வேலை செய்யும் விதம்

இதில் மோட்டார் கிடையாது. சூடான நீர் லேசாகி மேலே ஏறும். குளிர்ந்த நீர் கனத்துக் கீழே இறங்கும். இந்த ஓட்டத்தை நம்பியே தொட்டி மேலேயும் வெயில் வாங்கும் பகுதி கீழேயும் வைக்கப்படுகின்றன. 1909-ல் அமெரிக்காவில் வில்லியம் பெய்லி என்பவர் தொட்டியைத் தனியாகப் பிரித்து மேலே வைத்த அமைப்பின் வழிவந்ததுதான் இன்று நம் மாடியில் இருப்பதும்.

வெயில் வாங்கும் பகுதி இரு வகை. ஒன்று, கண்ணாடி மூடிய பெட்டிக்குள் செம்புக் குழாய்கள் ஓடும் தட்டை வகை. மற்றது, இரட்டைச் சுவர் கண்ணாடிக் குழல்களைத் தொட்டியில் நேராகச் செருகிய குழல் வகை. தொட்டியின் அடிப்பகுதியில், மேலேயுள்ள ஓவர்ஹெட் டாங்கிலிருந்து குளிர்ந்த நீர் நுழையும். மேல்பகுதியிலிருந்து வெந்நீர் வீட்டுக்குப் போகும். தொட்டியின் உச்சியில் வானத்தைப் பார்த்து நிற்கும் மெல்லிய குழாய், காற்றும் ஆவியும் போய்வரும் காற்றுக் குழாய். இந்த நான்கையும் நினைவில் வைத்துக்கொண்டால் பாதி நோய் தெரிந்துவிடும்.

முதலில் செய்ய வேண்டியவை

மின்சார உதவிக் கம்பி தொட்டியில் இருந்தால் அதன் சுவிட்சை முதலில் அணைத்துவிட வேண்டும். ஈரத்தில் மின்கசிவு இருக்கலாம்; தொட்டி காலியானால் கம்பியும் எரிந்துபோகும். அடுத்து, குளிர்ந்த நீர் நுழையும் வால்வை மூட வேண்டும். ஒரு கண்ணாடிக் குழல் உடைந்திருந்தால் வெந்நீர்த் தொட்டியோடு ஓவர்ஹெட் டாங்கும் சேர்ந்து காலியாகும். வால்வு எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

நண்பகலில் குழாயைக் கழற்றவே கூடாது. வரும் நீர் 70, 80 டிகிரி இருக்கலாம். 60 டிகிரி நீரே சில நொடிகளில் தோலைப் பொசுக்கும். குழந்தைகளையும் முதியவர்களையும் அந்த நேரத்தில் மாடிக்கு விடாதிருப்பது நலம்.

ஒழுகுவது எங்கே?

காற்றுக் குழாயிலிருந்து நீர் வழிந்தால் அது ஓட்டை அல்ல. அந்தக் குழாயின் நுனி, ஓவர்ஹெட் டாங்கின் நிறைநீர் மட்டத்தைவிட உயரமாக இருக்க வேண்டும். அல்சூர் போன்ற நெருக்கமான பகுதிகளில் வீட்டின் மேல் இன்னொரு மாடி எழுப்பி, டாங்கை அதன் உச்சிக்கு மாற்றுகிறார்கள். காற்றுக் குழாயை உயர்த்த மறந்துவிடுகிறார்கள். அதன்பின் ஓயாமல் வழியும். சிலர் அதைத் தக்கை வைத்து அடைத்துவிடுகிறார்கள். இது பெரும் தவறு. அழுத்தம் தாங்காத தொட்டி உப்பி, வெல்டிங் விட்டுப்போகும். நீரை வேகமாக எடுக்கும்போது உள்ளே காற்று புகாமல் தொட்டி நசுங்கிப்போவதும் உண்டு.

இணைப்புகளில் வெள்ளை உப்புப் பொருக்கு படிந்திருந்தால் அங்கே நெடுநாளாக நீர் கசிந்து, வெயிலில் காய்ந்திருக்கிறது என்று பொருள். ஆழ்குழாய்க் கிணற்று நீரும் டாங்கர் லாரி நீரும் கலந்து வரும் வீடுகளில் இது அதிகம். கேஸ்கெட், வாஷர், யூனியன் இவற்றை மாற்றினால் சரியாகிவிடும். வெந்நீர் லைனில் சாதாரண பி.வி.சி. பைப் போட்டிருந்தால் அது சூட்டில் இளகி வளையும், சி.பி.வி.சி. போன்ற சூடு தாங்கும் பைப்பாக மாற்ற வேண்டும்.

குழல் வகையில், குழல் தொட்டியில் நுழையும் வாயிலுள்ள சிலிக்கான் வளையம் வெயிலில் காய்ந்து வெடித்துக் கசியும். வளையத்தின் விலை சொற்பம். குழலின் அடிநுனியில் வெள்ளிபோல் பளபளக்கும் பூச்சு வெளுத்துப் பால் நிறமாகியிருந்தால் உள்ளிருந்த வெற்றிடம் போய்விட்டது; அந்தக் குழலை மாற்ற வேண்டும்.

தட்டை வகையில், கண்ணாடிக்குள் பனிபோல் படிந்த ஈரம் உச்சிவெயிலிலும் மறையவில்லை என்றால், செம்புக் குழாயில் பச்சைக் களிம்பு தெரிந்தால், உள்ளே கசிகிறது. செம்பைப் பற்றவைத்துச் சரிசெய்யலாம்.

தொட்டியின் வெளித்தகட்டு அடியிலிருந்து துரு நிறத்தில் நீர் சொட்டினால் அதுதான் கவலைக்குரியது. உள்தொட்டி ஓட்டை விழுந்திருக்கிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காது என்று நம்புகிறோம். ஆனால் உப்பு நீரிலுள்ள குளோரைடு, வெல்டிங் ஓரங்களில் ஊசித்துளை போடும். ஒன்றை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று விழும். தொட்டியை மாற்றுவதே பெரும்பாலும் வழி. எம்-சீல் பூசுவது மெக்கானிக் வரும்வரைக்கான ஒட்டு மட்டுமே.

ஓர் எளிய சோதனை

மாலையில், வெயில் தாழ்ந்தபின், குளிர்ந்த நீர் வால்வை மூடிவிட்டு வீட்டில் யாரும் வெந்நீர்க் குழாயைத் திறக்காமல் காத்திருங்கள். சிறிது நேரத்தில் ஒழுகல் நின்றுவிட்டால் குறை, வீட்டுக்குப் போகும் வெந்நீர் லைனில் உள்ளது. மணிக்கணக்கில் தொடர்ந்தால் தொட்டியிலோ வெயில் வாங்கும் பகுதியிலோ உள்ளது. சொட்டுவது பச்சைத் தண்ணீர் என்றால் வால்வுக்கு முந்தைய பகுதியைப் பார்க்க வேண்டும். இதைச் சொல்லிவிட்டால், மெக்கானிக் தேவையில்லாமல் முழுச் சாதனத்தையும் மாற்றச் சொல்ல வழியிருக்காது.

வேலை முடிந்து நீர் நிரப்பும்போது ஓர் எச்சரிக்கை. காலியான கண்ணாடிக் குழலின் உட்புறம் வெயிலில் 200 டிகிரிக்கு மேல் போகக்கூடும். அதில் குளிர்ந்த நீரை விட்டால் பட்டென்று வெடிக்கும். விடியற்காலையிலோ பொழுது சாய்ந்த பின்போதான் நிரப்ப வேண்டும். பகலில் காலியாக வைக்க நேர்ந்தால் தார்ப்பாயினால் மூடி வையுங்கள்.

மெக்கானிக்கிடம் பேசும்போது

புதிதாகக் குடியேறியவர்களுக்கு ஒரு குறிப்பு. கன்னடத்தில் 'நீரு ஸோர்த்தா இதெ' என்றால் நீர் ஒழுகுகிறது. 'பிஸி நீரு' வெந்நீர். 'தண்ணீரு' என்று அவர் சொல்வது பொதுவான தண்ணீரை அல்ல, குளிர்ந்த நீரை மட்டும். தமிழிலும் அச்சொல்லின் பழைய பொருள் அதுவே. நாம் மறந்ததை அவர்கள் வைத்திருக்கிறார்கள். இது தெரியாமல் லைனை மாற்றிக் காட்டிவிட்டால் வேலை இரட்டிப்பாகும்.

வேலைக்கு முன் உத்தரவாதச் சீட்டைத் தேடி எடுங்கள். உப்பு நீக்க ஆசிட் விடுகிறேன் என்று சொன்னால் எந்த ஆசிட் என்று கேளுங்கள். கழிவறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை அரிக்கும்; சிட்ரிக் ஆசிட் போன்ற மென்மையானதே போதும். புதிய தட்டை வகை வாங்கினால் ஐ.எஸ். 12933 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

வாடகை வீட்டில்

இதில்தான் மனக்கசப்பு அதிகம். வீட்டுக்காரர் வெளியூரில் இருப்பார். மேல்மாடிக் குடித்தனக்காரர் பயன்படுத்துவார். கறை கீழ்வீட்டில் விழும். வாஷர், வளையம் போன்ற தேய்மானப் பொருள்கள் யார் பொறுப்பு, தொட்டி, கண்ணாடி யார் பொறுப்பு என்பதை வாடகை ஒப்பந்தத்திலேயே இரண்டு வரி எழுதிக்கொள்வது நல்லது. எழுதவில்லை என்றால் கசிவைப் புகைப்படம் எடுத்து, தேதியுடன் வீட்டுக்காரருக்கு அன்றே தெரிவித்துவிடுங்கள். வால்வை மூடும் உரிமை மட்டும் எல்லாக் குடித்தனக்காரர்களுக்கும் இருக்க வேண்டும். மாடிக் கதவுச் சாவி ஒருவரிடமே இருந்து, அவர் ஊருக்குப் போய்விட்டால் கீழ்வீட்டுக் கூரைக்குக் காவல் இல்லை.

வருமுன் காக்க

மாதம் ஒரு முறை மாடிக்குப் போய்க் கண்ணாடியைத் துடைக்கும்போதே இணைப்புகளைக் கையால் தடவிப் பார்க்கலாம். அதைக் காலையில் செய்யுங்கள். உப்பு நீர் வரும் வீடுகளில் ஆண்டுக்கு ஒரு முறை தொட்டியின் அடியிலுள்ள கழிவு வால்வைத் திறந்து வண்டலை வெளியேற்றுங்கள். உள்ளே எனாமல் பூசிய இரும்புத் தொட்டியாக இருந்தால், துருவைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு தொட்டியைக் காக்கும் மக்னீசியக் கம்பி ஒன்று உண்டு. அது கரைந்துவிட்டதா என்று மெக்கானிக்கைக் கேட்டு, கரைந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். வெந்நீர் வேகமாக வரவில்லை என்று பிரஷர் பம்பு மாட்டுமுன், தொட்டி அந்த அழுத்தத்தைத் தாங்கும் வகைதானா என்று விற்றவரிடம் கட்டாயம் கேளுங்கள்.

கோடை விடுமுறைக்குச் சொந்த ஊர் புறப்படும்போது கேஸ் சிலிண்டரை மூடுகிறோம், மெயின் சுவிட்சை அணைக்கிறோம். நம் வீட்டில் யாரும் இல்லாத பதினைந்து நாளும் கீழ்வீட்டில் ஆள் இருப்பார்கள். புறப்படுமுன் மாடிக்கு ஒரு நடை போய், தொட்டி நிறைந்திருக்கிறதா என்று பார்த்து, சோலார் வால்வையும் மூடிவிட்டு வருவது நல்லது.