ராஜாவுக்கே கடன் கொடுத்த துறவிகள்!

கி.பி. 1307-ம் ஆண்டு, அக்டோபர் 13-ந் தேதி, வெள்ளிக்கிழமை. பொழுது விடியும் நேரம். பிரான்சு நாட்டில் ஊர் ஊராக ஒரே சமயத்தில் கதவுகள் தட்டப்பட்டன.

தட்டியவர்கள் அரசனின் ஆட்கள். உள்ளே இருந்தவர்கள் "டெம்பிளர்கள்" என்ற போர்த் துறவிகள். அத்தனை பேரும் கைது!

சங்கத்தின் தலைவர் ஜாக் டி மோலேயும் தப்பவில்லை. முதல் நாள்தான் அவர் அரசனின் தம்பி மனைவியின் சவ அடக்கத்தில் மரியாதையான இடத்தில் நின்றிருந்தார். கைது உத்தரவோ செப்டம்பர் 14-ந் தேதியே எழுதியாகிவிட்டது!

யார் இவர்கள்?

1119-ம் ஆண்டு வாக்கில் ஜெருசலத்தில் சில பிரெஞ்சு வீரர்கள் தொடங்கிய சங்கம் இது. புண்ணிய யாத்திரை வரும் கிறிஸ்தவர்களை வழிப்பறிக்காரர்களிடமிருந்து காப்பது வேலை. மணம் கிடையாது. சொந்தமாகக் காசு கிடையாது. ஒரே குதிரையில் இரண்டு வீரர்கள் செல்லும் படம்தான் அவர்கள் முத்திரை.

ஆளுக்குத்தான் சொத்து இல்லை. சங்கத்துக்கு உண்டு. பக்தர்கள் நிலம் எழுதி வைத்தார்கள். போப்பாண்டவர் வரிவிலக்குக் கொடுத்தார். ஐரோப்பா முழுவதும் கோட்டைகள், பண்ணைகள்.

யாத்திரை போகிறவர் ஊரில் பணத்தைக் கட்டிச் சீட்டு வாங்கிக்கொள்வார். தூர தேசத்தில் சீட்டைக் காட்டிப் பணம் பெறுவார். நம் செட்டியார்கள் கொடுத்த உண்டியல் மாதிரிதான். பிரெஞ்சு அரசின் கஜானாவே பல காலம் பாரிசில் இருந்த டெம்பிளர் கோட்டையில்தான் இருந்தது. அரசர்களும் கை நீட்டிக் கடன் வாங்கினார்கள்.

பணமுடை

அப்போதைய அரசன் நான்காம் பிலிப்பு. இங்கிலாந்தோடு சண்டை, பிளாண்டர்சோடு சண்டை. பணம் போதவில்லை. நாணயத்தில் வெள்ளியைக் குறைத்தான். 1306-ல் யூதர்களை நாடு கடத்தி, சொத்தைப் பறித்தான். அந்த ஆண்டுக் கடைசியில் பாரிஸ் மக்கள் கலகம் செய்தார்கள். பிலிப்பு ஓடி ஒளிந்த இடம் எது தெரியுமா? டெம்பிளர் கோட்டை!

காப்பாற்றியவர்களுக்குக் கிடைத்த பரிசுதான் அந்த வெள்ளிக்கிழமை. சிலுவை மீது துப்பினார்கள், பொம்மையைக் கும்பிட்டார்கள் என்று குற்றச்சாட்டு. சித்திரவதை தாங்காமல் பலர் "ஆமாம்" என்றார்கள். பிறகு மறுத்தவர்களில் 54 பேர் 1310 மே மாதம் ஒரே நாளில் எரிக்கப்பட்டார்கள். 1312-ல் போப்பாண்டவர் சங்கத்தைக் கலைத்தார். 1314 மார்ச்சில், பாரிசில், நதித் தீவு ஒன்றில் டி மோலே உயிரோடு கொளுத்தப்பட்டார்.

அந்தத் தலைவர்களுக்குப் போப்பாண்டவரின் தூதர்கள் 1308-லேயே பாவமன்னிப்புக் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தோல் ஏடு வாத்திகனில் கிடைத்தது 2001-ல்!

புதையல் எங்கே?

18 கப்பல்களில் சிலர் தப்பினார்கள் என்று விசாரணையில் ஒருவர் சொன்னார். அது போதாதா? கதை வளர்ந்துவிட்டது. கனடாவின் ஓக் தீவில் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தோண்டுகிறார்கள். 1965-ல் குழிக்குள் விஷவாயு தாக்கி 4 பேர் மாண்டார்கள். டெம்பிளர்கள் அந்தத் தீவுக்குப் போனதற்கு ஒரு சான்றும் இல்லை. அவர்கள் செல்வத்தில் பெரும்பங்கு நிலம். மிச்சம் கணக்குப் புத்தகம். இதை எந்தக் கப்பலில் ஏற்றுவது?

நிலமெல்லாம் "ஹாஸ்பிட்டலர்கள்" என்ற வேறொரு துறவிச் சங்கத்துக்குப் போயிற்று. பிலிப்பு விட்டானா? "டெம்பிளர்களிடம் நான் போட்டு வைத்த பணம் திரும்பவில்லை" என்று கணக்குக் காட்டினான். 2 லட்சம் லிவர் கொடுக்க ஹாஸ்பிட்டலர்கள் ஒப்புக்கொண்ட பிறகுதான் நிலம் கைமாறியது.