காசு கைமாறும் முன் கைபேசியில் பாருங்கள்

களம்பூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு அரிசி ஆலைகள் நினைவுக்கு வரும். ரயிலில் வருபவர்களுக்கு 'ஆரணி ரோடு' என்ற பெயர்ப்பலகையோடு நிற்கும் ரயில் நிலையம் நினைவுக்கு வரும். தறிக்கூலி, ஆலைக்கூலி, வளைகுடாவிலிருந்து மகன் அனுப்பும் பணம், சீட்டு, பவுன் நகை, அவசரத்துக்குக் கைமாற்று என்பவைதான் இந்தப் பக்கத்து வீடுகளின் வரவு செலவு. சில ஆண்டுகளுக்கு முன்புவரை இவை பீரோவிலும் நோட்டுப் புத்தகத்திலும் இருந்தன. இன்று பெரும்பகுதி கைபேசிக்குள் வந்துவிட்டது.

பணம் அனுப்புவது எளிதாகிவிட்டது. அந்தப் பணம் சரியான இடத்துக்குத்தான் போகிறதா என்று பார்க்கும் வழியும் அதே கைபேசியில் இலவசமாக இருக்கிறது. இதைத்தான் நம்மில் பலர் அறியாமல் இருக்கிறோம். ஆகவே, ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு உண்மையில் தேவைப்படும் தளங்களையும் செயலிகளையும் மட்டும் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

முதலில் ஒரு பொதுவான எச்சரிக்கை. கூகுளில் தேடினால் மேலே வரும் முதல் முகவரி விளம்பரமாகவோ போலியாகவோ இருக்கலாம். அரசுத் தளங்களின் முகவரி பெரும்பாலும் 'ஜிஓவி டாட் இன்' என்று முடியும். ரிசர்வ் வங்கியின் முகவரி 'ஆர்பிஐ டாட் ஓஆர்ஜி டாட் இன்' என்று முடியும். ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி, வங்கிகளின் இணைய முகவரிகள் 2025 அக்டோபர் முதல் 'பேங்க் டாட் இன்' என்ற முடிவுக்கு மாறியுள்ளன. முகவரியின் கடைசிப் பகுதியைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டாலே பாதி ஏமாற்று குறைந்துவிடும்.

முதலீடு செய்யும் முன்: சசேத்

2022 மே மாதத்தில் தமிழகப் பொருளாதாரக் குற்றப் பிரிவு போலீசார் ஆருத்ரா கோல்டு டிரேடிங் நிறுவனத்தின் அலுவலகங்களில் சோதனை நடத்தினர். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அந்த நிறுவனத்துக்கு ஆரணியிலும் செய்யாறிலும் கிளைகள் இருந்தன. மாதம் 25 முதல் 30 சதவீதம் வரை தருவதாகச் சொல்லி, சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் வசூலித்ததாகப் போலீசார் தெரிவித்தனர். நமது பகுதியில் நகையை அடகு வைத்துக் கட்டியவர்களும், பெண்ணின் திருமணத்துக்குச் சேர்த்ததைக் கட்டியவர்களும் உண்டு.

இது வட்டி ஆசையில் விழுந்தவர்களின் கதை, நமக்கு என்ன என்று யாரும் நினைக்க வேண்டாம். பெங்களூரின் ஐ.எம்.ஏ. நிறுவனம் 'ஹலால் முதலீடு' என்று சொல்லித்தான் பணம் திரட்டியது. 2019 ஜூனில் அது மூடப்பட்டபோது சிக்கியது சுமார் 4,000 கோடி ரூபாய். பணம் போட்டவர்களில் மிகப் பெரும்பாலானோர் முஸ்லிம்கள்.

இங்கே மார்க்க ரீதியாகவும் ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஒருவர் முதல் போட்டு மற்றொருவர் உழைக்கும் முளாரபா வியாபாரத்தில், கிடைக்கும் லாபத்தில் இவருக்கு இத்தனை பங்கு, அவருக்கு இத்தனை பங்கு என்றுதான் பேச முடியும். நஷ்டம் வந்தால் முதல் போட்டவர் அதை ஏற்க வேண்டும். "ஒரு லட்சம் போடுங்கள், மாதம் இவ்வளவு நிச்சயம்" என்று ஒருவர் சொன்னால் அது வியாபாரப் பங்கு அல்ல. அதற்கு எந்த அரபுப் பெயரைச் சூட்டினாலும் அது மாறாது.

சரிபார்க்கும் வழி இதுதான். ரிசர்வ் வங்கி 2016ல் 'சசேத்' என்ற தளத்தைத் தொடங்கியது. பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க ஒரு நிறுவனத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று அங்கே பார்க்கலாம். அனுமதியின்றி வசூலிப்பவர்கள் மீது அங்கேயே புகாரும் கொடுக்கலாம். இன்னொரு அளவுகோலையும் நினைவில் வையுங்கள். டெபாசிட் வாங்க அனுமதி பெற்ற நிதி நிறுவனமே ஆண்டுக்கு 12.5 சதவீதத்துக்கு மேல் வட்டி தரக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் வரம்பு. வட்டி நமக்கு ஹராம் என்பது தனி. ஆனால் மாதத்துக்கே 25 சதவீதம் என்று ஒருவர் சொன்னால் அவர் எந்தக் கணக்கில் பேசுகிறார் என்பதை இந்த ஓர் எண்ணே காட்டிவிடும்.

நிறுவனம் ஜிஎஸ்டி எண்ணையோ கம்பெனிப் பதிவுச் சான்றிதழையோ காட்டினால் மயங்கிவிடாதீர்கள். கம்பெனியாகப் பதிவு செய்வது வேறு, பொதுமக்களிடம் பணம் வாங்க அனுமதி பெறுவது வேறு.

உடனடிக் கடன் செயலிகள்

மருத்துவச் செலவு, பள்ளிக் கட்டணம், தறி ஓடாத மாதம் என்று அவசரம் வரும்போது பலர் கைபேசியில் வரும் உடனடிக் கடன் விளம்பரத்தைத் தொடுகிறார்கள். அதன் கணக்கைப் பாருங்கள். 5,000 ரூபாய் கடன் என்கிறார்கள். 'செயலாக்கக் கட்டணம்' கழித்து 3,500 கைக்கு வருகிறது. ஏழாம் நாள் 5,000 கட்ட வேண்டும். அதாவது 3,500க்கு ஒரு வாரத்தில் 1,500. நமது ஊரின் எந்தக் கந்துவட்டிக்காரரும் கேட்கத் தயங்கும் தொகை இது.

கட்டத் தவறினால் கைபேசியிலிருந்து எடுத்த தொடர்பு எண்களுக்கெல்லாம் செய்தி போகும். படத்தை மாற்றி அசிங்கப்படுத்துவார்கள். 2021 ஜனவரியில் இத்தகைய செயலிகளை நடத்திய வழக்கில் சென்னை போலீசார் பெங்களூரில் சீனர்கள் இருவர் உட்படச் சிலரைக் கைது செய்தது நினைவிருக்கலாம். அதே மாதத்தில் ரிசர்வ் வங்கி ஒரு குழு அமைத்தது. 2022 செப்டம்பரில் விதிகள் வந்தன. அவற்றின் சாரம் இது:

1. கடன் தொகை, வங்கி அல்லது பதிவு பெற்ற நிதி நிறுவனத்தின் கணக்கிலிருந்து நேராகக் கடன் வாங்குபவரின் கணக்குக்கு வர வேண்டும்.
2. கட்டணங்கள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஆகிறது என்பதை முன்கூட்டியே எழுத்தில் தர வேண்டும்.
3. செயலி உங்கள் தொடர்பு எண்களையும், அழைப்புப் பட்டியலையும், படங்களையும் எடுக்கக் கூடாது.
4. கடன் வேண்டாம் என்று தோன்றினால், குறைந்தது ஒரு நாளுக்குள் அபராதமின்றி அசலையும் அந்த நாட்களுக்கான செலவையும் திருப்பிக் கட்டி விலகலாம்.

தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி கேட்கும் கடன் செயலி அங்கேயே விதியை மீறிவிட்டது. முறையான நிறுவனங்களின் செயலிகள் எவை என்ற பட்டியலும் 2025 ஜூலை முதல் ரிசர்வ் வங்கியின் தளத்தில் இருக்கிறது. ஏற்கனவே சிக்கி மிரட்டலுக்கு ஆளானவர்கள் மேலும் பணம் கட்டிக்கொண்டே போகாமல், செய்திகளைப் படம் எடுத்து வைத்து 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

பட்டியலில் இருந்தாலும் வட்டி வட்டிதான். மாற்று வழியான கர்ளுல் ஹஸனா, அதாவது வட்டியில்லா அழகிய கடன், பல ஊர்களில் பைத்துல்மால் மூலம் கிடைக்கிறது. பிறகு ஏன் நமது பிள்ளைகள் செயலியைத் தேடிப் போகிறார்கள்? கேட்டால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற கூச்சம். அந்தக் கூச்சத்தையே கடைசியில் செயலிக்காரன் ஆயுதமாக்குகிறான். எனவே கடன் கேட்டு வருபவரின் ரகசியத்தைக் காப்பது ஜமாஅத் நிர்வாகிகளின் பெரிய பொறுப்பு என்பதை இங்கே பணிவோடு நினைவூட்டுகிறோம்.

யுபிஐ: ரகசிய எண் எப்போது தேவை?

ஜிபே, போன்பே, பேடிஎம், பீம் என்று பெயர் எதுவானாலும் விதி ஒன்றுதான். பணம் அனுப்பத்தான் ரகசிய எண் தேவை. பணம் பெற எண்ணை அழுத்தத் தேவையில்லை, க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யவும் தேவையில்லை. "உங்களுக்குப் பணம் அனுப்புகிறேன், பின் நம்பரைப் போடுங்கள்" என்று சொன்னால் அவர் எடுக்கத்தான் வருகிறார். வீடியோ அழைப்பில் போலீஸ் சீருடையில் வந்து "உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம்" என்று மிரட்டினால் இணைப்பைத் துண்டியுங்கள். அப்படி ஒரு கைது சட்டத்தில் இல்லை.

பணம் போய்விட்டால் செய்ய வேண்டியவை:

1. உடனே 1930க்கு அழையுங்கள். திருடப்பட்ட பணம் கணக்குவிட்டுக் கணக்கு தாவுவதற்குள் வங்கிகள் அதை நிறுத்தி வைக்க இந்தப் புகார் உதவுகிறது. ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.
2. வங்கிக்கும் அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் வெளியார் மூலம் பணம் போயிருந்து, வங்கியிலிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் உங்களுக்கு இழப்பு இல்லை என்பது 2017ல் வந்த ரிசர்வ் வங்கி விதி. ரகசிய எண்ணை நீங்களே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான நஷ்டம் உங்களுடையது.
3. வங்கி 30 நாட்களில் பதில் தராவிட்டாலோ, பதில் திருப்தி இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இணையத்தில் புகார் செய்யலாம். கட்டணம் இல்லை. விளக்கம் கேட்க 14448 என்ற எண் உண்டு.

மறந்துபோன டெபாசிட்: உத்கம்

வாப்பா எங்கோ ஒரு வங்கியில் கணக்கு வைத்திருந்தார், புத்தகம் கிடைக்கவில்லை என்ற பேச்சு பல வீடுகளில் உண்டு. பத்து ஆண்டுகள் தொடப்படாத டெபாசிட் ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குப் போய்விடும். ஆனால் உரிமை போய்விடாது. 2023 ஆகஸ்டில் தொடங்கிய 'உத்கம்' தளத்தில் இறந்தவரின் பெயரோடு பான் எண், வாக்காளர் அட்டை எண், பிறந்த தேதி போன்றவற்றில் ஒன்றைக் கொடுத்துத் தேடலாம். கிடைத்தால் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழோடு அந்த வங்கிக் கிளையை அணுக வேண்டும்.

வங்கி டெபாசிட்டில் 'நாமினி' என்று பெயர் இருப்பவர் பணத்தை வாங்கிக்கொடுக்கும் பொறுப்பாளர்தான். சட்டத்திலும் ஷரீஅத்திலும் அவர் மட்டும் உரிமையாளர் ஆகிவிட மாட்டார். மூத்த மகன் பெயர் நாமினியாக இருப்பதால் சகோதரிகளின் பங்கு இல்லாமல் போகாது. அசலை எல்லா வாரிசுகளுக்கும் பங்கிட வேண்டும். வட்டிப் பகுதியை நன்மையை நாடாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும்.

நகையும் ஜகாத்தும்

2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையில் ஆறு இலக்க 'ஹெச்யுஐடி' குறியீடு கட்டாயம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்தக் குறியீட்டைப் போட்டால், என்ன நகை, எவ்வளவு தூய்மை, எங்கே பரிசோதிக்கப்பட்டது என்று வரும். பில் போடும் முன் கடையிலேயே பாருங்கள்.

ஜகாத் கணக்கிடும் செயலிகள் நிறைய உண்டு. அவை பெரும்பாலும் தங்கம் 85 கிராம், வெள்ளி 595 கிராம் என்ற அளவை வைத்திருக்கும். நமது பகுதி ஹனஃபி உலமாக்கள் கூறும் அளவு தங்கம் 87.48 கிராம், அதாவது ஏறத்தாழ 11 பவுன். வெள்ளி 612.36 கிராம். செயலியின் அமைப்பில் அளவை மாற்றிக்கொள்ளுங்கள். நகையோடு ரொக்கமும் சரக்கும் கலந்திருந்தால் ஆலிமிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

அன்றாடத் தேவைகள்

*மின்சாரம்:* மின்வாரியத் தளத்தில் மின் இணைப்பு எண்ணைக் கொடுத்துக் கணக்கைப் பார்க்கலாம். இரண்டு மாதத்துக்குக் கைத்தறிக்கு 300 யூனிட்டும் விசைத்தறிக்கு 1,000 யூனிட்டும் இலவசம் என்பது 2023 முதல் உள்ள அளவு. தறி வைத்திருப்போர் அந்தக் கழிவு பில்லில் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புகாருக்கு 94987 94987.

*நிலம்:* தமிழக அரசின் இ-சேவைத் தளத்தில் பட்டாவைப் பார்க்கலாம். பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கத்தைப் பார்க்கலாம். அட்வான்ஸ் கொடுத்த பிறகு பார்ப்பதில் பயனில்லை.

*சிம் கார்டு:* 'சஞ்சார் சாத்தி' தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை இணைப்புகள் உள்ளன என்று தெரியும். தெரியாத எண் இருந்தால் அங்கேயே தெரிவிக்கலாம். தொலைந்த கைபேசியை முடக்கும் வசதியும் அதில் உண்டு.

*ஆவணங்கள்:* 'டிஜிலாக்கர்' செயலியில் ஓட்டுநர் உரிமமும் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்களும் கிடைக்கும். அதில் துறையே வழங்கும் ஆவணம் அசலுக்குச் சமம்.

*ரயில்:* முன்பதிவில்லாப் பயணச்சீட்டை 'ரயில்ஒன்' செயலியில் எடுக்கலாம்.

எழுதி வைக்கும் பழக்கம்

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமே (2:282) கடனை எழுதி வைப்பதையும் சாட்சி வைப்பதையும் பற்றியதுதான். கைமாற்றாக 2,000 கொடுத்தாலும் தேதியோடு வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பி, "ஆம்" என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். இதில் அவநம்பிக்கை எதுவும் இல்லை. உறவு கெடாமல் இருக்க அல்லாஹ் காட்டிய வழி இது.

இவற்றை வீட்டின் ஆண்கள் மட்டும் தெரிந்துகொண்டால் போதாது. வெளிநாட்டுப் பணம் வந்து சேர்வது பெரும்பாலும் தாய்மார்களின் கணக்கில்தான். ஏமாற்று அழைப்பும் அவர்களுக்கே வருகிறது. ஒரு ஜும்ஆ நாள் மாலையில் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து, 1930 என்ற எண்ணை ஒவ்வொரு கைபேசியிலும் பதிந்து, சசேத், உத்கம் தளங்களை ஒருமுறை திறந்து பாருங்கள். அல்லாஹ் நம் அனைவரின் பொருளையும் ஹலாலாக ஆக்கி, அதில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.