நினைவகம் மிச்சம் இருந்தும் கணினி திணறுவது ஏன்? இயங்குதளத்தின் இடஒதுக்கீட்டு விதிகள் ஒரு பார்வை

திருவனந்தபுரம்: தும்பாவில் உள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில், 2011ஆம் ஆண்டு மே 2ஆம் தேதி 'சாகா-220' மீத்திறன் கணினி தொடங்கி வைக்கப்பட்டது. சுமார் ரூ.14 கோடியில் உருவான அதில் 400 மையச் செயலிகளும், 400 வரைகலைச் செயலிகளும் இடம்பெற்றன. ராக்கெட்டைச் சுற்றிய காற்றோட்டத்தைக் கணக்கிடுவது போன்ற பணிகளுக்காக, நொடிக்கு 220 லட்சம் கோடி கணக்கீடுகள் என்ற உச்ச வேகத்துடன் அது வடிவமைக்கப்பட்டது. ஆனால், உச்ச வேகம் நடைமுறையில் கிடைப்பது செயலிகளை மட்டும் பொறுத்ததல்ல. தரவு எந்த நினைவகத்தில் வைக்கப்படுகிறது என்பதும் அதைத் தீர்மானிக்கிறது.

அருகில் ஒன்று, தொலைவில் ஒன்று: இன்றைய சர்வர்களில் பெரும்பாலும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட செயலிகள் இருக்கின்றன. ஒவ்வொரு செயலியும் தனக்கு அருகிலேயே ஒரு நினைவகத்தைக் கொண்டிருக்கும். இந்த இணை 'கணு' எனப்படுகிறது. அடுத்த கணுவின் நினைவகத்தையும் செயலியால் படிக்க முடியும். ஆனால், இணைப்புப் பாதையைக் கடந்து செல்ல வேண்டியிருப்பதால் தாமதம் பல கணினிகளில் ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு வரை கூடுகிறது. இந்த அமைப்பு 'நூமா' என்று அழைக்கப்படுகிறது.

கிழக்கேகோட்டையை ஒட்டிய சாலை பஜாரில் ஒரே வணிகருக்கு இரண்டு கடைகளும், ஒவ்வொன்றின் பின்புறமும் ஒரு கிடங்கும் இருப்பதாகக் கொள்வோம். காலையில் வந்த மூட்டைகள் அனைத்தும் ஒரே கிடங்கில் இறக்கப்பட்டால், இரண்டாவது கடையின் பணியாளர்கள் நாள் முழுவதும் வீதியைக் கடந்து அலைய நேரிடும். முதல் கிடங்கின் வாசலிலும் நெரிசல் ஏற்படும்.

முதல் தொடுகை: லினக்ஸ் இயங்குதளத்தில் இயல்பாக நடப்பது இதுவே. ஒரு நிரல் நினைவகம் கேட்டவுடன் இடம் தரப்படுவதில்லை. அந்தப் பக்கத்தை எந்தச் செயலி முதலில் தொடுகிறதோ, அதன் கணுவிலேயே இடம் ஒதுக்கப்படுகிறது. பெரும்பாலான நிரல்களுக்கு இது நன்மை தரும். எனினும், தொடக்க மதிப்புகளை ஒரே இழை எழுதிவிட்டு, பின்னர் எல்லாச் செயலிகளும் கணக்கிடும் நிரல்களில் தரவு முழுவதும் ஒரே கணுவில் குவிந்துவிடுகிறது. தொடக்க மதிப்புகளையும் பல இழைகளுக்குப் பகிர்ந்தளிப்பதே இதற்குத் தீர்வாகும்.

பிற விதிகள்: பக்கங்களைக் கணுக்களுக்கு மாறி மாறிப் பகிர்ந்தளிப்பது மற்றொரு முறை. எல்லாச் செயலிகளும் பொதுவாகப் பயன்படுத்தும் பெரிய தரவுகளுக்கு இது பொருந்தும். குறிப்பிட்ட கணுவுக்கு முன்னுரிமை அளித்து, அங்கு இடமில்லாவிட்டால் வேறிடம் தேடுவது மூன்றாவது முறை. குறிப்பிட்ட கணுவை விட்டு வெளியேறவே அனுமதிக்காத கட்டாயப் பிணைப்பு நான்காவது.

கடைசி முறையில் ஆபத்தும் உண்டு. அந்தக் கணு நிரம்பிவிட்டால், பக்கத்துக் கணுவில் இடம் காலியாக இருந்தாலும் இயங்குதளம் பக்கங்களை வட்டுக்குத் தள்ளலாம். நிரலையே நிறுத்தவும் செய்யலாம். மொத்த நினைவகத்தை மட்டும் பார்க்கும் நிர்வாகிகளுக்கு இதன் காரணம் எளிதில் புலப்படுவதில்லை.

தானியங்கி இடமாற்றம்: 2013இல் வெளியான லினக்ஸ் 3.8 பதிப்பில் தானியங்கிச் சமநிலைக்கான அடித்தளம் சேர்க்கப்பட்டது. எந்தப் பக்கத்தை எந்தச் செயலி பயன்படுத்துகிறது என்பதை அவ்வப்போது கண்காணித்து, பக்கத்தை அதன் அருகே நகர்த்துவது இதன் பணி. கண்காணிப்புக்கும் நகர்த்தலுக்கும் நேரம் செலவாவதால், எல்லாப் பணிகளுக்கும் இது ஏற்றதல்ல. வேகம் வேறுபட்ட நினைவகங்களுக்கு விகிதப்படி பக்கங்களைப் பிரித்தளிக்கும் முறை, 2024இல் வெளியான 6.9 பதிப்பில் இணைந்தது.

எனவே, சர்வர் திணறும்போது புதிய நினைவகம் வாங்குவதற்கு முன், ஒவ்வொரு கணுவிலும் எவ்வளவு இடம் காலியாக உள்ளது என்பதைத் தனித்தனியாகச் சரிபார்ப்பது அவசியம். லினக்ஸில் 'நூமாஸ்டாட்', 'நூமாகண்ட்ரோல்' ஆகிய கருவிகள் இதற்கு உதவுகின்றன.